மேடானிலிருந்து லாரந்துக்கா வரை: பஸ், ரயில், கப்பலில் இந்தோனேசியா – கேள்வி பதில்

நான் திருச்சிக்காரி. 2023-லும் 2024-லும் இரண்டு தவணையாக, சுமத்ராவின் மேடானில் தொடங்கி ஃப்ளோரஸ் தீவின் கிழக்கு முனையான லாரந்துக்கா வரை, உள்ளூர் விமானம் ஏறாமல் தரைவழியும் கடல்வழியுமாகப் போனேன். அதைக் கேள்விப்பட்டவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, கையில் அதிகம் பணமில்லை, ஒரு மாதம் இருக்கிறது. எந்த வழி, எவ்வளவு ஆகும்? (கல்லூரி மாணவர், மதுரை)

ஒரு மாதத்தில் முழு வழியையும் ஆசைப்படாதே தம்பி. ஜாவாவில் தொடங்கி ஃப்ளோரஸ் வரை போனால் போதும். ஜகார்த்தாவின் பாசார் செனென் நிலையத்திலிருந்து யோக்யகார்த்தாவுக்கு எக்கானமி ரயில். அங்கே லெம்புயாங்கான் நிலையத்திலிருந்து ஸ்ரீ தஞ்சோங் என்ற ரயில் காலையில் கிளம்பி, ஜாவாவின் கிழக்குக் கோடியான கெத்தாபாங்குக்கு இரவில் கொண்டு விடும். அரசு மானியம் உள்ள ரயில் அது. நான் போனபோது ஒரு லட்சம் ருபியாவுக்கும் குறைவுதான். நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 180, 190 ருபியா என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார். வெளிநாட்டு அட்டையை ரயில்வே செயலி ஏற்காவிட்டால், கட்டண எண்ணை எடுத்துக்கொண்டு இந்தோமாரெட் அல்லது அல்ஃபாமார்ட் கடையில் ரொக்கமாகக் கட்டலாம். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எண்ணும் சீட்டில் அப்படியே இருக்க வேண்டும்.

கெத்தாபாங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பாலி. அப்புறம் பதாங் பாய் துறையிலிருந்து லொம்போக்கின் லெம்பாருக்கு நான்கைந்து மணி நேரம். லொம்போக்கைக் குறுக்காகக் கடந்து காயாங்கானில் கப்பலேறினால் சும்பாவா. அதன் கிழக்கு முனையில் இருக்கும் சாப்பேயில் கடைசிக் கப்பல், ஃப்ளோரஸின் லபுவான் பாஜோவுக்கு. சாதாரண லாட்ஜில் தங்கி, வாருங்கில் (தெருவோரச் சாப்பாட்டுக் கடை) சாப்பிட்டு, எனக்கு ஒரு நாளைக்கு மூன்றரை லட்சம் ருபியா ஆயிற்று.

ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள். முப்பது நாள் இருந்தால் இருபத்திமூன்று நாளுக்குத்தான் திட்டம் போட வேண்டும். மிச்சம் ஏழு நாள் கப்பலுக்கும் மழைக்கும் வயிற்றுக்கும். கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த ஏழு நாளை நம்பித்தான் எழுதியவை.

விசா எப்படி? தாமதமானால் பிரச்சினையா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கியதும் பெறும் விசா உண்டு. கட்டணம் 5,00,000 ருபியா, 30 நாள். ஒரு தடவை மட்டும் இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 10,00,000 ருபியா அபராதம், அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. நீட்டிக்கும் எண்ணமிருந்தால் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே, குடிவரவு அலுவலகம் உள்ள ஊரில் இருக்கும்போதே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

பஸ்ஸில் பாதி வழியில் இறக்கிவிட்டு வேறு பஸ்ஸில் ஏறச் சொல்வார்களாமே. மறுபடி பணம் கேட்டால்? (சேலம்)

இதற்கு அங்கே ‘ஓப்பெர்’ என்று பெயர். ஆள் குறைவாக இருந்தால் முன்னால் போகும் பஸ்ஸுக்குப் பயணிகளைக் கைமாற்றிவிடுவார்கள். ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், வழக்கமே அதுதான். நடத்துநரை ‘கெர்னெட்’ என்பார்கள். முறைப்படி முதல் பஸ் கெர்னெட் இரண்டாவது பஸ் கெர்னெட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

சும்பாவாவில் எனக்கு இது நடந்தது, இரவு ஒன்றரை மணிக்கு. எங்கள் பஸ் ‘மோகோக்’, அதாவது வழியில் நின்றுவிட்டது. கிளட்ச் தட்டு கருகிய நாற்றம் உள்ளே வரை வந்தது. ஓட்டுநர் கீழே படுத்து, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார், அவ்வளவுதான். பின்னால் வந்த பஸ்ஸில் எங்களை ஏற்றினார்கள். புது கெர்னெட் என்னிடம் மட்டும் எண்பதாயிரம் கேட்டார். நான் சீட்டைக் காட்டி ‘சுடா பாயார்’ (கட்டியாகிவிட்டது) என்றேன். அவர் தலையாட்டவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி அவரிடம் இரண்டே வாக்கியம் பேசினாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அதனால் மூன்று காரியம். சீட்டு கடைசி வரை சட்டைப்பையில் இருக்கட்டும். இறங்குவதற்கு முன் பழைய கெர்னெட்டையே கூட்டிப்போய்ப் புதியவரிடம் பேசச் சொல்லுங்கள். குரலை உயர்த்தாதீர்கள். கத்துகிறவருக்காகப் பஸ்ஸில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், பொறுமையாகச் சொல்கிறவருக்குப் பஸ்ஸே பேசும். நிலையத்துக்குள் இருக்கும் கவுன்டரில் மட்டும் சீட்டு வாங்குங்கள். வாசலில் கையைப் பிடித்து இழுக்கும் தரகரை ‘சாலோ’ என்பார்கள், அவர் சொல்லும் விலையில் அவர் பங்கும் இருக்கிறது.

எனக்கு 63 வயதம்மா, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். கப்பல் என்றால் பயம். பாதுகாப்பானவையா?

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. 2025 ஜூலை 2 இரவு, கெத்தாபாங்கிலிருந்து பாலிக்குக் கிளம்பிய துனு பிரத்தாமா ஜயா என்ற கப்பல் அந்தக் குறுகிய கடவிலேயே மூழ்கிப் பலர் இறந்தார்கள். நானும் போய்வந்த கடவு அது. நான் செய்வதைச் சொல்கிறேன். பகல் கப்பலையே பார்த்து ஏறுவேன். ஏறியதும் மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, பெட்டி பூட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்தில், பஸ்ஸுக்குள் தூங்க மாட்டேன். ஓட்டுநர் உள்ளேயே இருக்கச் சொன்னாலும் மேல்தளத்துக்குப் போய்விடுவேன். சொந்தப் பெயரில் சீட்டு எடுப்பது மிக முக்கியம். பயணிகள் பட்டியலில் பெயர் இருந்தால்தான் தேடுவார்கள், ஜாசா ராஹர்ஜா என்ற அரசுக் காப்பீடும் சீட்டுள்ள பயணிக்குத்தான். மெராக் (ஜாவா–சுமத்ரா), கெத்தாபாங் கடவுகளுக்கு ஃபெரிஸி என்ற கப்பல் சீட்டுச் செயலியில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: பாலியில் கடிகாரம் ஜாவாவைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். இறங்கியதும் பிடிக்க வேண்டிய பஸ்ஸுக்கு இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

சாப்பேயில் கப்பல் ஓடவில்லை என்றால் என்ன செய்வது?

காத்திருக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் மேற்குப் பருவக்காற்றில் இது அடிக்கடி நடக்கும். நான் 2024 ஜனவரியில் மூன்று நாள் கிடந்தேன். வானிலைத் துறையின் அலை எச்சரிக்கையைத் துறைமுக அதிகாரி, அங்கே ‘ஷாபண்டார்’, வாசலில் ஒட்டிவிட்டார். வெளியே லாரி வரிசை. பாதி லாரிகளில் சின்ன வெங்காயம், சாப்பேயில் விளைவது. ஓட்டுநர்கள் காலையில் தார்ப்பாயைத் திறந்து மூட்டைகளுக்குக் காற்றுக் காட்டுவார்கள், மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூடுவார்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. மூன்றாம் நாள் ஒரு மூட்டையைப் பிரித்து, முளைவிட்ட வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பேசாமல் நின்றார். எனக்குப் போனது மூன்று நாள், அவருக்குப் போனது முதல். முதலுக்கு அங்கேயும் ‘மோடால்’ என்றுதான் பெயர். கப்பலுக்குக் ‘கப்பால்’, கடைக்குக் ‘கெடாய்’. நம் வணிகர்கள் விட்டுவந்த சொற்கள்.

செய்ய வேண்டியது: துறைமுக வாசலிலேயே லாட்ஜ் பிடியுங்கள். கப்பல் விடுவது திடீரென்று தெரியும், பீமா நகரத்தில் போய்த் தங்கினால் தவறவிடுவீர்கள். தினம் காலையில் ஷாபண்டார் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சின்ன மீன்பிடிப் படகில் கொண்டுபோகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரிய கப்பலே போகாத கடலில் அதற்கு என்ன வேலை?

ஏடிஎம் அட்டையை விழுங்கிவிட்டால்?

அங்கே பல இயந்திரங்கள் பணத்தை முதலில் தரும், அட்டையைப் பிறகுதான் தரும். நமக்கு அட்டை முதலில் வந்து பழக்கம். பீமாவில் பணத்தை எடுத்துக்கொண்டு பத்தடி நடந்துவிட்டேன். திரும்பி ஓடினால் இயந்திரத்தில் அட்டையைக் காணோம். அன்று சனிக்கிழமை மாலை. காவலாளி, ‘சத்பாம்’ என்பார்கள், என் பெயரை நோட்டில் எழுதி, திங்கள்கிழமை வா என்றார். திங்கள்கிழமை போனால் வெளிநாட்டு அட்டையைத் திருப்பித் தர முடியாது என்றார்கள்.

வேறொரு வங்கியின் இரண்டாவது அட்டை பையின் அடியில் தனியாக இருந்ததால் தப்பித்தேன். இரண்டு அட்டை, இரண்டு வெவ்வேறு இடம், கூடவே பத்து லட்சம் ருபியா ரொக்கம். சின்ன ஊர்களில் பிஆர்ஐ வங்கி இயந்திரம்தான் பெரும்பாலும் இருக்கும். வங்கிக் கிளையோடு ஒட்டிய இயந்திரத்தில், வேலை நாள் காலையில் எடுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால்?

முதலில் அருகிலுள்ள காவல் நிலையம். ‘சூராட் கெஹிலாங்கான்’, தொலைந்ததற்கான சான்றுக் கடிதம், கேளுங்கள். அது இலவசம். அதை வைத்துக்கொண்டு இந்தியத் தூதரகம்: ஜகார்த்தாவில் தூதரகம், மேடானிலும் பாலியிலும் துணைத் தூதரகங்கள். ஃப்ளோரஸில் தொலைத்தால் பாலிக்குத்தான் வர வேண்டும். ஊர் திரும்ப மட்டும் போதுமென்றால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அத்தோடு முடியாது, குடிவரவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதியும் வாங்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியைத் தெரியாமல் விமானச் சீட்டு வாங்கிவிடுகிறார்கள். பாஸ்போர்ட், விசா நகலைத் தாளாக ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று வைத்திருங்கள்.

சைவம். பட்டினிதானா? (கும்பகோணம்)

இல்லவே இல்லை. தெம்பே, தஹு (சோயாப் பனீர்), கடலைக் குழம்பு ஊற்றிய காய்கறிக் கலவைகளான காதோ-காதோ, பெச்செல் எல்லாம் ஜாவாவில் மூலைக்கு மூலை கிடைக்கும். புளிக்கவைத்த சோயாவில் செய்யும் தெம்பேயைச் சூடாகப் பொரித்துப் பச்சைமிளகாயோடு கடித்துப் பாருங்கள். ஆனால் ‘டாகிங் வேண்டாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இறைச்சி என்ற அந்தச் சொல் அவர்களுக்கு மாட்டிறைச்சியையே நினைவூட்டும், கோழி அதில் சேராது. ‘தான்பா டாகிங், ஆயாம், இக்கான், உடாங், தெராசி’ என்று வரிசையாகச் சொல்லுங்கள். இறைச்சி, கோழி, மீன், இறால், தெராசி இல்லாமல் என்று அர்த்தம். தெராசி என்பது இறால் விழுது, சம்பலில் (மிளகாய்த் துவையல்) கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். மேடானில் இருந்தால் கம்போங் மெட்ராஸ் பகுதிக்குப் போங்கள். 1884-இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது.

தனியாகப் பெண் போகலாமா அக்கா?

போகலாம், நான் போனேன். தொந்தரவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு இரவு பஸ்ஸில் பக்கத்து ஆள் தூங்குவதுபோல் சாய்ந்து சாய்ந்து வந்தார். எழுந்து கெர்னெட்டிடம் ‘பாக், மாற்று இடம்’ என்று சத்தமாகச் சொன்னதும் ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஏறும்போதே பெண் பக்கத்தில் இடம் கேள், கொடுப்பார்கள். ஆண்களைப் ‘பாக்’, பெண்களை ‘இபூ’ என்று மரியாதையோடு கூப்பிடு. கல்யாணம் ஆயிற்றா என்று எல்லாரும் கேட்பார்கள். ‘இல்லை’ என்று சொல்லாதே, ‘பெலும்’, அதாவது ‘இன்னும் இல்லை’ என்று சொல். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

இருசக்கர வண்டிக்கான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். அடிபட்டால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள கீறல்களைக் கடைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். எப்போதும் இடப்பக்கமாகவே ஏறி இறங்குங்கள். புகைக்குழாய் வலப்பக்கம், கெண்டைக்காலில் பட்டால் அந்த ஈரக்காற்றில் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும்.

நாய் கடித்தால்?

சிரித்துக் கடந்துபோகிற விஷயமில்லை இது. பாலியில் 2008 முதல் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது, ஃப்ளோரஸில் அதற்கும் முன்பிருந்தே. குரங்கு கீறினாலும் அதே கதைதான். உடனே ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றே ‘புஸ்கெஸ்மாஸ்’ எனப்படும் அரசு சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இல்லையென்றால் எங்கே இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அங்கே போங்கள். காயம் ஆழமென்றால் இம்யுனோகுளோபுலினும் தேவைப்படும். வெளித்தீவுகளில் அது கிடைப்பது கஷ்டம், பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டுப் பாலிக்குத் திரும்புங்கள். முடிந்தால் ஊரிலேயே முன்கூட்டித் தடுப்பூசி போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

எரிமலை வெடித்தால்? நடுவில் மாட்டிக்கொண்டால்?

மாக்மா இந்தோனேசியா என்ற அரசுச் செயலியில் ஒவ்வொரு மலைக்கும் நிலை போட்டிருப்பார்கள்: நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ் என்று நான்கு. இரண்டாம் நிலைதானே என்று ஏறக்கூடாது. 2023 டிசம்பர் 3 அன்று மேற்கு சுமத்ராவின் மராப்பி வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள், அப்போது அது இரண்டாம் நிலையில்தான் இருந்தது. தடை வட்டம் எத்தனை கிலோமீட்டர் என்று படித்துவிட்டு வெளியிலேயே நில்லுங்கள்.

ஃப்ளோரஸில் மௌமெரே என்ற ஊரிலிருந்து லாரந்துக்கா போகும் சாலை லெவோதோபி மலையின் அடிவாரத்தை ஒட்டிப் போகிறது. 2024 நவம்பரில் அது வெடித்து ஊர்களே காலியாயின, சாம்பலால் பாலி விமானங்கள் ரத்தாயின. இப்போது போகிறவர்கள் மௌமெரேயில் ஓட்டுநர்களிடம் கேட்டுவிட்டு, காலை பஸ்ஸில் கிளம்புங்கள். முகக்கவசம் இரண்டு, கண்ணாடி ஒன்று பையின் மேல் அறையில் இருக்கட்டும். சாம்பல் விழ ஆரம்பித்த பிறகு பையைக் குடைந்து தேட முடியாது.