நொதி இருக்கிறது, வெளிச்சம் இருந்ததா?

மனித செல்லில் பொட்டரூ என்ற ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டியின் ஃபோட்டோலயேஸை (புற ஊதாக் கதிரால் சேதமான டிஎன்ஏவை ஒளியின் துணையோடு சீராக்கும் நொதி) புகுத்தி, புரதம் உருவாகியும் தைமின் டைமர்கள் (அந்தக் கதிரால் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்துத் தைமின்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும் சேதம்) குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புற ஊதாக் கதிர் காட்டிய கையோடு செல் தட்டை இன்குபேட்டர் என்ற இருட்டான வளர்ப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டீர்கள் அல்லவா? அங்கேதான் இடறல். இந்த நொதி இருட்டிலும் டைமரைப் பற்றிக்கொள்ளும். ஆனால் நீல ஒளி பட்டால்தான் அதனுள் இருக்கும் எஃப்ஏடி என்ற துணை மூலக்கூறிலிருந்து எலக்ட்ரான் பாய்ந்து பிணைப்பை உடைக்கும். எஃப்ஏடி மனித செல்லிலேயே உண்டு, கவலை வேண்டாம். நம்மைப் போன்ற நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் தொலைத்த நொதியைப் பைப்பாலூட்டிகள் பத்திரமாக வைத்திருப்பது தனி வேடிக்கை!

தரமணியில் நானும் இப்படி ஒரு வாரம் விழித்திருக்கிறேன். செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை வடித்து, உப்புக் கரைசல் ஊற்றி, நீல விளக்கின்கீழ் ஒரு மணி நேரம் வையுங்கள். இருட்டில் ஒரு தட்டு ஒப்பீட்டுக்கு. ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். சென்னை வெயிலில் செல்கள் வெந்துவிடும்.