"அவங்களுக்கெல்லாம் ஒரே திட்டம்" என்கிறார் என் அண்ணன்

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு நாள், தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொன்னாள். சண்டை போடவில்லை, யாரையும் கேலி செய்யவில்லை, சொன்னாள், அவ்வளவுதான். என் அண்ணன்தான் விடுவதாக இல்லை. "இது அவளாக யோசித்தது இல்லை. நாத்திகர்களுக்கு உலகம் முழுக்க ஒரே திட்டம். முதலில் கடவுளை விடச் சொல்வார்கள், அப்புறம் குடும்பத்தை, கடைசியில் ஒழுக்கத்தையே விடச் சொல்வார்கள்" என்கிறார். அவள் மாதம் ஒரு முறை அதே எண்ணமுள்ள சிலரைச் சந்தித்துப் பேசிவிட்டு வருகிறாள். நான் தடுக்க வேண்டுமா? இன்னொன்று. நான் பிரார்த்தனை செய்ய உட்காரும்போது அவள் இப்போதும் பக்கத்தில் வந்து உட்கார்கிறாள். நம்பாதவள் எதற்கு உட்கார வேண்டும்? அது நடிப்பா?
— ஒரு அம்மா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவள். ஆனால் என் அண்ணன் நாற்பது வருடம் நாத்திகராகவே வாழ்ந்தவர். அவருடைய நண்பர்கள் வீட்டுக்கு வந்து விடிய விடியப் பேசியதைப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்டு வளர்ந்தவள் நான். கடவுள் இல்லை என்பதில் அவர்களுக்குள் ஒரு நிமிடம்கூட வாக்குவாதம் வந்ததில்லை. அதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வந்தது. தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா, சொத்து தனியாரிடம் இருக்கலாமா, கல்யாணம் என்ற ஏற்பாடே தேவையா, சாமி கும்பிடுகிறவர்களிடம் போய் வாதாடலாமா இல்லை அவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடலாமா. கடைசிக் கேள்வியில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டார்கள். திட்டம் போட்டு உலகத்தை மாற்றுகிற கூட்டம் என்று உங்கள் அண்ணன் சொல்வதைப் படித்ததும் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வந்தது.

என் வீட்டு அனுபவம் உங்களுக்குப் போதாதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒரு ஊருக்குப் போக மறுக்கிற ஆயிரம் பேரை நிறுத்தி வைத்து, "நீங்கள் எல்லாரும் எந்த ஊருக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டால் ஒரே பதில் எப்படி வரும்? நாத்திகம் என்ற சொல்லே "இல்லை" என்பதிலிருந்து பிறந்ததுதான். ஒருவர் எதை ஏற்கவில்லை என்று அது சொல்லும். எதை விரும்புகிறார், யாருக்காக உழைக்கிறார், பிள்ளைகளை எப்படி வளர்ப்பார் என்றெல்லாம் அதில் எழுதியிருக்காது. பழைய காலத்தில் வேதத்தை ஏற்காதவர்களையும் நாத்திகர் என்றே சொன்னார்கள். அந்தக் கணக்கில் புத்தரும் மகாவீரரும்கூட அந்தப் பட்டியலில் வந்துவிடுவார்கள்.

மணிமேகலையில் ஒரு இடம் வருகிறது. அவள் பல சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அங்கே பூதவாதி ஒருவர், பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் மது பிறக்கிற மாதிரி நிலம், நீர் போன்ற பூதங்கள் சேர்ந்ததும் உணர்வு பிறக்கிறது, கண்ணால் காண்பதுதான் உண்மை, இந்தப் பிறவியோடு எல்லாம் முடிந்தது என்கிறார். அவள் சிரித்துக்கொண்டே, உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். இதில் கவனிக்க வேண்டியது, அவள் போய்ச் சேர்கிற பௌத்தத்திலும் உலகத்தைப் படைத்த கடவுள் கிடையாது. ஆக, படைத்தவனை ஏற்காத இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் இந்த வாழ்க்கை போதும் என்கிறார், இன்னொருத்தி கையில் பாத்திரத்தோடு பசித்தவர்களைத் தேடிப் போகிறவள், துறவு பூண்டவள். இந்த இருவருக்கும் பொதுவான திட்டம் என்று எதை எழுதுவீர்கள்?

அண்மைக் காலத்துக்கு வந்தாலும் இதே கதைதான். பகத் சிங், பெரியார், சாவர்க்கர், மூவருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. முதலாமவர் சோசலிசப் புரட்சி கேட்டார், இரண்டாமவர் சாதி ஒழிப்புக்காக வாழ்நாள் முழுக்கப் போராடினார், மூன்றாமவர் இந்து தேசம் வேண்டும் என்றார். மார்க்ஸும் நாத்திகர், அவர் சொன்ன அத்தனைக்கும் எதிராக எழுதிய அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்டும் நாத்திகர். முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதற்காக 1918இல் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சிறைக்குப் போனார். 2003 ஈராக் போரை ஆதரித்து வரிந்து கட்டிக்கொண்டு எழுதியவர் பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ். கடவுளை ஏற்காததில் இருவருக்கும் வேறுபாடு கிடையாது, போரில் எதிரெதிர்ப் பக்கம்.

நான் இன்னும் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புவது இரண்டு பேரைப் பற்றி. ஒரு அம்மாவும் மகளும் அந்தக் கதைக்குள் இருப்பதால் உங்களுக்கு அது தேவைப்படும் என்று தோன்றுகிறது. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா என்று ஒரு நாத்திகர் இருந்தார். அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் அன்னி பெசன்ட். ஆமாம், நீங்கள் நினைக்கிற அதே அன்னி பெசன்ட்தான். கருத்தடை பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை வெளியிட்டதற்காக 1877இல் இருவரும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அதற்கு அடுத்த வருடம், நாத்திகத்தையும் அந்தப் புத்தகத்தையும் காரணம் காட்டி, அன்னியின் மகள் மேபலை அவரிடமிருந்து பிரித்துக் கணவரிடம் ஒப்படைத்தது நீதிமன்றம். உங்கள் அண்ணன் சொல்வது, நாத்திகம் குடும்பத்தைப் பிரிக்கும் என்று. இந்தக் கதையில் பிரித்தது நாத்திகம் இல்லை, நாத்திகத்தைக் கண்டு பயந்தவர்கள். வளர்ந்த பிறகு மேபல் அம்மாவிடம் வந்து சேர்ந்தார்.

இப்படி ஒன்றாக அடிபட்டவர்களாவது கடைசி வரை ஒரே வழியில் போனார்களா? இல்லை. அன்னி பெசன்ட் சோசலிஸ்ட் ஆனார், பிராட்லாவோ சோசலிசத்தை மேடையேறி எதிர்த்தார். அப்புறம் 1889இல் அன்னி நாத்திகத்தையே விட்டுவிட்டுப் பிரம்மஞான சபையில் சேர்ந்தார், பிறகு அதன் தலைவராகி அடையாறில் வாழ்ந்து 1933இல் காலமானார். பிராட்லா கடைசி வரை நாத்திகர்தான். 22 வயதில் ஒருவர் சொல்வதுதான் அவருடைய கடைசி வார்த்தை என்று நாம் முடிவு கட்டக் கூடாது, மாறியே தீருவார் என்று காத்திருக்கவும் கூடாது. இரண்டும் நடந்திருக்கிறது.

சரி, அப்படியானால் நாத்திகர்கள் கூடி எதையுமே கேட்டதில்லையா? கேட்டிருக்கிறார்கள். இதே பிராட்லா 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். கடவுள் பெயரால் உறுதிமொழி எடுப்பதில் வந்த தகராறில் அவரை நிலையாக உட்கார விடவில்லை. தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்து அனுப்பியும், 1886இல்தான் இடம் உறுதியானது. கடவுள் பெயரைச் சொல்லாமலும் உறுதி கூறலாம் என்று சட்டம் வந்தது 1888இல். நம்பாததற்காக வேலை போகக் கூடாது, பதவி போகக் கூடாது, சிறைக்கும் தூக்குக்கும் போகக் கூடாது, அரசாங்கம் ஒரு மதத்தின் பக்கம் சாயக் கூடாது. பெரும்பாலான நாத்திகர்கள் ஒத்துப்போகிற விஷயம் என்று தேடினால் எனக்கு இவ்வளவுதான் கிடைக்கிறது. மதத்தை விட்டு வெளியேறினால் மரண தண்டனை என்று சட்டம் வைத்திருக்கிற நாடுகள் இன்றைக்கும் இருக்கும்போது, இதைச் சதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதுவும் நாத்திகர்களுக்கு மட்டும் சொந்தமான கோரிக்கை இல்லை. அரசுக்கும் திருச்சபைக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் 1802இல் எழுதிய கடிதம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? டான்பரி ஊர் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களுக்கு. பக்தர்கள்தான் கவலைப்பட்டு அவருக்கு முதலில் எழுதியிருந்தார்கள்.

உங்கள் அண்ணனின் பயத்தை அப்படியே தூக்கி எறியச் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. அந்தப் பயத்துக்குப் பின்னால் நிஜமாகவே நடந்த கொடுமைகள் இருக்கின்றன. சோவியத் யூனியனில் 1925 முதல் நாத்திகத்தைப் பரப்ப ஒரு சங்கமே நடந்தது, கோயில்கள் மூடப்பட்டன, பாதிரிமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அல்பேனியாவில் ஆட்சியாளர் என்வர் ஹோஜா 1967இல் எல்லா வழிபாட்டிடங்களையும் மூடி, உலகத்தின் முதல் நாத்திக நாடு என்று பெருமையாக அறிவித்தார். வீட்டுக்குள் ஒளிந்து பிரார்த்தனை செய்தவர்கள்கூடத் தண்டிக்கப்பட்டார்கள். 1990 வரை இந்த நிலைமை. அங்கே திட்டம் இருந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். அது ஒரே கட்சி ஆட்சியின் திட்டம், தன்னைத் தவிர வேறு யாருக்கும் யாரும் தலை வணங்கக் கூடாது என்று நினைத்த ஆட்சி அது. அந்தக் கட்சியோடு முரண்பட்ட நாத்திகனும் அதே சிறைக்குத்தான் போனான். கடவுளின் பேரைச் சொல்லி இதே மாதிரி ஆண்டவர்களும் உண்டு, அதற்காக உங்களையும் என்னையும் யாராவது பொறுப்பாக்கினால் நாம் ஒத்துக்கொள்வோமா?

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களில் ஒரு பகுதியினர், நாம் எதை மறுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதாது, எதற்காக வாழ்கிறோம் என்றும் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்கள். 1952இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி, மனிதநேயர்களுக்கு என்று ஒரு அறிக்கை எழுதினார்கள். மனித மதிப்பு, ஜனநாயகம், அறிவியலைப் பொறுப்போடு பயன்படுத்துவது என்று அதில் பேசினார்கள். 2002இலும் 2022இலும் அதைத் திருத்தி எழுதினார்கள். நல்ல முயற்சி, எனக்கே அதில் பல வரிகள் பிடிக்கும். அதை அப்படியே ஏற்கிற நாத்திகர்கள் உண்டு, அது யார் எழுதியது என்றுகூடத் தெரியாத நாத்திகர்களும் உண்டு. நாத்திகத்திலேயே ஒரு குறிக்கோள் தானாக அடங்கியிருந்தால் தனியாக உட்கார்ந்து இப்படி ஒன்றை எழுதி, திருத்தி, மறுபடியும் திருத்த வேண்டிய தேவை என்ன?

இனி உங்கள் மகள் போகிற அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். தடுக்காதீர்கள். 22 வயதுப் பெண்ணைத் தடுத்தால் அவள் போவதை நிறுத்த மாட்டாள், உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவாள். நாத்திகர்கள் எல்லாருக்கும் ஒரே திட்டம் இல்லை என்பதால் எந்த ஒரு குழுவுக்குமே திட்டம் இருக்காது என்று நான் சொல்லவில்லை. அதனால் அந்தக் குறிப்பிட்ட குழுவைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே யாராவது ஒருவர் பேச மற்றவர்கள் தலையாட்டுகிறார்களா, இல்லை அவரை மறுத்துப் பேச முடிகிறதா? பணம் கேட்கிறார்களா? வீட்டாரோடு பேசாதே, பழைய நட்பை விடு என்கிறார்களா? வர மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் விட்டுவிடுகிறார்களா, துரத்துகிறார்களா? பிரார்த்தனைக் குழுவோ யோகா வகுப்போ அரசியல் கட்சியோ, என் பிள்ளை எங்கே போனாலும் நான் இதையேதான் கேட்பேன். பதில்கள் சரியாக இருந்தால் நிம்மதியாக இருங்கள். இல்லை என்றால் கவலைப்பட வேண்டியதுதான், ஆனால் அந்தக் கவலை அந்த ஆட்களைப் பற்றியது.

அண்ணனை வைத்து அவளை விசாரிக்க மட்டும் வேண்டாம், இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தாய்மாமா என்ற உரிமையில் அக்கறையோடுதான் பேசுகிறார், அது புரிகிறது. ஆனால் "இது உன் யோசனை இல்லை" என்று ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் அந்தப் பெண்ணை அவமானப்படுத்துவதுதான். யோசித்து, தயங்கி, எத்தனை நாள் தூங்காமல் இருந்தாளோ, அப்புறம்தான் உங்கள் முன்னால் வந்து சொல்லியிருப்பாள். நீங்களே அவளிடம் பேசுங்கள். "ஏன் நம்பவில்லை?" என்று தொடங்க வேண்டாம், அது பரீட்சை மாதிரி ஆகிவிடும். எது உனக்கு முக்கியம், எதைப் பார்த்தால் உனக்குக் கோபம் வருகிறது, யாரைப் போல வாழ ஆசைப்படுகிறாய் என்று கேளுங்கள். நாத்திகம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நீங்களும் உங்கள் அண்ணனும் ஊகிக்க முயல்வது எல்லாம் அந்தப் பதில்களில்தான் இருக்கிறது. அதில் பாதி நீங்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததாகவே இருக்கலாம், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கடைசியாகக் கேட்டீர்களே, நீங்கள் பிரார்த்தனை செய்யும்போது அவள் பக்கத்தில் வந்து உட்காருவது நடிப்பா என்று. நடிக்கிறவள் எதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே உண்மையைச் சொல்லப் போகிறாள்? எங்கள் அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருடம் கண் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் அம்மாவின் பக்திப் பாடல் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு வரிகூட விடாமல் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டியது நான் இல்லை, அண்ணன்தான். அவருக்கு அதில் ஒரு சொல்லிலும் நம்பிக்கை கிடையாது, அது அம்மாவுக்கும் தெரியும். ஏன் படிக்கிறீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை, இப்போது கேட்க அவரும் இல்லை. உங்கள் மகள் பக்கத்திலேயே இருக்கிறாள். நாளைக்கு வந்து உட்காரும்போது கேட்டுப் பாருங்கள்.