அளவையியல் படித்தவருக்குச் செயற்கை நுண்ணறிவில் வேலை உண்டா?

கிளிநொச்சியில் உயர்தரத்துக்கு அளவையியல் (தர்க்கம்) படிக்கும் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். கட்டாயம் உண்டு.

அமெரிக்காவின் ரென்சிலியர் நிறுவனத்தில் செல்மர் பிரிங்ஸ்யோர்ட் என்றொரு பேராசிரியர். கலாநிதிப் பட்டம் வாங்கியது மெய்யியலில்; கணினி விஞ்ஞானமும் அவருடைய துறைதான். 2015இல் அவர் குழு மூன்று சிறு ரோபோக்களை வைத்து ஒரு சோதனை செய்தது. இரண்டுக்குப் பேச்சை நிறுத்தும் 'மாத்திரை', மூன்றாவதுக்கு வெறும் மாத்திரை கொடுத்தாயிற்று, உனக்கு எது கிடைத்தது என்று கேள்வி. ஒன்று எழுந்து "தெரியாது" என்றது. தன் குரலைக் கேட்டதும், மன்னிப்புக் கேட்டு, தனக்கு அந்த மாத்திரை தரப்படவில்லை என்று நிரூபித்துவிட்டதாகச் சொன்னது.

மாத்திரை எடுத்திருந்தால் பேச முடியாது, பேசினேன், ஆகவே எடுக்கவில்லை. உங்கள் பாடத்தின் மறுத்து மறுத்தல் விதியேதான்! இதைத் தன்னுணர்வு என்று பலர் பெரிதாக்கினார்கள். என் பார்வையில் அழகு அந்த நிரூபணத்தில்தான் இருக்கிறது.

சாட்ஜிபிடி போன்றவை ஏராளமான எழுத்தில் பழகி, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கின்றன. அதற்கு மாறாக, அளவையியல் விதிகளால் இயங்கும் நிரலில் ஒவ்வொரு படிக்கும் காரணம் காட்டலாம். இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் திறக்கச் சொல்லும் நிரல் ஒன்று வந்தால், 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட கண்டாவளைச் சனம் "ஏன்?" என்று கேட்கத்தானே செய்யும்? ஆனால் உலக அறிவை விதிகளாக எழுதிக் கொடுப்பது பெரும்பாடு, மனிதருக்கு இயல்பாக உள்ள பொதுப்புத்தி இந்த வழிக்கு இன்னும் பிடிபடவில்லை.

சரி, எங்கே தொடங்குவது? பயனிலைத் தர்க்கத்தை (எல்லா, சில போன்ற கூற்றுகளைக் குறியீட்டில் எழுதும் தர்க்கம்) நன்றாகப் பிடியுங்கள். அப்புறம் தர்க்க விதிகளாகவே நிரல் எழுதும் புரோலாக் என்ற கணினி மொழி, இலவசமாகவே கிடைக்கிறது.