தன்வீன்: அரபுச் சொல்லின் கடைசியில் ஒலிக்கும் 'ன்' பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: 'கிதாபுன்' என்றால் 'ஒரு புத்தகம்'. அப்படியானால் அந்த 'ன்'தான் 'ஒரு' என்பதா?

பதில்: முதல் பாடத்தில் அப்படித்தான் மனதில் பதிகிறது. ஆனால் 'முஹம்மதுன்' என்பதைப் பாருங்கள். அது ஒருவருடைய பெயர், அதாவது மஃரிஃபா (இன்னதென்று குறிப்பான சொல்). அதிலும் தன்வீன் இருக்கிறதே! 'ஒரு முஹம்மது' என்று யாரும் பொருள் சொல்வதில்லை. பெயர்ச்சொல் அடுத்த சொல்லோடு ஒட்டாமல் தன் காலில் நிற்கிறது என்பதற்கான அடையாளம் அது. பொதுப்பெயரில் வந்தால் நகிரா (இன்னதென்று குறிக்காத, 'ஏதோ ஒன்று' என்னும் சொல்) என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'ஸலாமுன் அலைக்கும்' என்பதும் சரியா?

பதில்: சரிதான், குர்ஆனிலேயே வருகிறது. 'அஸ்ஸலாமு' என்று சொல்லிப் பாருங்கள். முன்னால் 'அல்' (சொல்லைக் குறிப்பானதாக்கும் முன்னொட்டு, இங்கே 'அஸ்' என்று ஒலிக்கிறது) ஏறியதும் பின்னால் 'ன்' இறங்கிவிட்டது. இரண்டும் ஒரே சொல்லில் சேரவே சேராது.

கேள்வி: தன்வீன் 'உன்', 'அன்', 'இன்' என்று மூன்று விதமாக ஒலிக்கிறதே, எது எங்கே வரும்?

பதில்: எழுவாய்க்கு 'கிதாபுன்', செயப்படுபொருளுக்கு 'கிதாபன்', 'ஃபீ' ('-இல்') போன்ற சொல்லுக்குப் பின் 'கிதாபின்'. 'ஜஸாகல்லாஹு கைரன்' (அல்லாஹ் உங்களுக்கு நன்மையைக் கூலியாகத் தருவானாக) என்று தினமும் சொல்கிறோமே, அந்த 'கைரன்' செயப்படுபொருள்தான்.

தமிழிலும் இதைத் தொட்டுப் பார்க்கலாம். 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒன்று: இஷ்தரைது கிதாபன். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நீங்களும் நானும் பேசிக்கொண்ட அதே புத்தகம்: இஷ்தரைதுல் கிதாப. நாம் 'ஐ' சேர்த்துக் காட்டுவதை அவர்கள் 'அல்' சேர்த்துக் காட்டுகிறார்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனாலும் இந்த ஒரு ஜோடியை வாய்விட்டுச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும்.

கேள்வி: பள்ளிவாசல்கள் என்னும் 'மஸாஜிது'வில் 'அல்'லும் இல்லை, தன்வீனும் இல்லை. ஏன்?

பதில்: அது கைரு முன்ஸரிஃப் என்னும் சொல்வகை. தன்வீன் ஏற்காது, ஆனாலும் நகிராதான். 'ஃபீ'க்குப் பின்னும் 'மஸாஜித' என்றே நிற்கும். 'அல்' சேர்ந்துவிட்டால் 'ஃபில் மஸாஜிதி' என்று கஸ்ரா ('இ' ஒலிக்குறி) திரும்பி வந்துவிடும். இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கேள்வி: 'கிதாபன்' எழுதும்போது கடைசியில் அலிஃப் என்னும் எழுத்தைப் போடுகிறோம், 'மத்ரஸதன்' எழுதும்போது போடுவதில்லையே?

பதில்: நிறுத்தி ஓதிப் பாருங்கள். 'கிதாபா' என்று நீளும், அந்த நீட்டத்துக்குத்தான் அலிஃப். 'மத்ரஸதன்' நீளாமல் 'மத்ரஸஹ்' என்று முடிகிறது. அதன் கடைசியில் உள்ள தா மர்பூதாவுக்கு (நிறுத்தினால் 'ஹ்' என்று ஒலிக்கும் 'த' எழுத்துக்கு) அலிஃப் தேவையில்லை.

கேள்வி: 'கிதாபு வலதின்' என்பதில் 'கிதாபு'வுக்குத் தன்வீன் இல்லை. அப்போது மஃரிஃபாவா?

பதில்: இல்லை, 'ஒரு சிறுவனின் புத்தகம்'. அடுத்த சொல்லோடு ஒட்டியதால் 'ன்' விழுந்தது, அவ்வளவுதான். முடிவு செய்வது பின்னால் நிற்கும் சொல். அதை 'கிதாபுல் வலதி' என்று மாற்றினால் 'அந்தச் சிறுவனின் புத்தகம்' ஆகிவிடும். 'கிதாபு'வில் ஒரு குறிகூட மாறவில்லை, பாருங்கள்.