தாடி இல்லாமல் பிக்னிக் போவது எப்படி?

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 52. வீடு சூளையில். ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருக்கிறேன். டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் தாத்தா. வருகிற டிசம்பரோடு 17 வருஷம் ஆகிறது.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பெரம்பூரில் இருக்கும் நண்பனின் சர்ச்சில் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பும் நேரத்தில், தாத்தா வேஷம் போடும் பையனுக்குக் காய்ச்சல். “முகமூடிதானே, நீ மாட்டிக்கோ, யாருக்குத் தெரியப்போகுது” என்றான் நண்பன். நான் முருக பக்தன். அதைச் சொன்னதற்கு, “முருகன் கோவிச்சுக்க மாட்டார்” என்று அங்கியைத் தலைவழியாகப் போட்டுவிட்டான். அன்று ராத்திரி விடிய விடிய வீடு வீடாக ஆடினேன், மிட்டாய் வீசினேன், பாட்டிகளோடு கைகோத்துச் சுற்றினேன். என் கல்யாண ரிசப்ஷனில் மேடையில் நிற்க முடியாமல் தலைசுற்றுகிறது என்று போய்ப் படுத்தவன் மேடம் நான்.

அப்புறம் ஈவென்ட் நடத்தும் ஒருவர் மூலமாக மால், அபார்ட்மென்ட், பள்ளிக்கூடம் என்று போக ஆரம்பித்தேன். வெல்வெட் அங்கிக்குள் நம் ஊர் டிசம்பரும் மே மாதம்தான். தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டால் அது அரை மணியில் வியர்வையைக் குடித்து இரண்டு கிலோ ஏறிவிடும். தாடி ஒட்டும் கம் தடவிய இடம் பொங்கல் வரைக்கும் அரிக்கும். ஆனாலும் அந்தப் பத்து நாள்தான் எனக்கு வருஷம். பயந்து அழுகிற குழந்தையை நான் கூப்பிட மாட்டேன். தரையில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கை மணியை மெதுவாக ஆட்டுவேன். கொஞ்ச நேரத்தில் அதுவே வந்து என் பூட்ஸைத் தொட்டுப் பார்க்கும். போன வருஷம் ஒரு சிறுமி காதோரம் வந்து, “கணக்கு மிஸ்ஸ மாத்திக் குடுங்க” என்று கேட்டாள்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். எங்களைப் போலத் தாத்தா வேஷம் போடுகிறவர்கள் 23 பேர் ஒரு வாட்ஸ்ஆப் குரூப்பில் இருக்கிறோம். வெளிநாட்டில் தாத்தாக்கள் கோடையில் அரை டவுசரோடு கூடி உட்கார்ந்து சாப்பிடும் வீடியோவை ஒருவர் பார்த்திருக்கிறார். நாமும் கூடலாம் என்று முடிவாகிவிட்டது. ஜூலை இரண்டாம் ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி, பெசன்ட் நகர் கடற்கரை, கார்ல் ஷ்மிட் நினைவிடம் பக்கத்தில். ஆளுக்கொரு கட்டுச்சாதம். நிபந்தனை ஒன்றுதான்: அங்கி, தாடி, தொப்பி எதுவும் கூடாது.

எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். நானும் போட்டேன். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

குரூப்பில் தாத்தா குரலில் வாய்ஸ் மெசேஜ் போட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பவன் நான். நேரில் பார்த்தால் ஒல்லியாக, வாய் திறக்காத ஒரு ஆள் வந்து நிற்பான். அச்சகத்தில் சூப்பர்வைசர் ஆகச் சொன்னபோதுகூட, மீட்டிங்கில் பேச வேண்டுமே என்று வேண்டாம் என்றுவிட்டேன். இரண்டு வருஷம் முன்பு ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றி பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அரை மணிக்கு முன்னால் என் மடியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்ட குழந்தை அங்கே நின்றது. சிரித்தேன். அதன் அம்மா குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார்.

“அங்கேயும் அந்தக் குரல்லயே பேசுங்க, ஒண்ணும் தெரியாது” என்கிறாள் என் மனைவி. காய்ச்சல் என்று மெசேஜ் போட்டுவிடலாமா என்று நான் யோசிக்கிறேன். 17 வருஷமாக நான் வெறும் வேஷதாரிதானா? அவள் வேறு, புளியோதரையா தயிர்சாதமா என்று தினமும் கேட்கிறாள்.

- பெயர் வேண்டாம், சூளை

*

அன்புள்ள சூளை சாருக்கு,

காய்ச்சல் மெசேஜை இன்னும் அனுப்பியிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘வேஷதாரி’. தமிழில் வேஷம் போடுவது வேறு, வேஷம் கட்டுவது வேறு. முதலாவது ஏமாற்று. இரண்டாவது கூத்துக்காரர்களின் சொல், அது ஒரு வேலை. குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்குக் காப்புக் கட்டி, விரதமிருந்து காளியாகவும் குரங்காகவும் குறவராகவும் வேஷம் கட்டுகிறார்கள். காப்பு அவிழ்த்த பிறகு ஊருக்குப் பஸ் ஏறி மறுநாள் கடையைத் திறக்கிறார்கள். அவர்களில் யாரையும் நாம் வேஷதாரி என்பதில்லை. நீங்கள் கட்டுகிறவர்.

ஒல்லி என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். தாத்தாவுக்கு மூலமான பிஷப் நிக்கோலஸ், இன்றைய துருக்கியில் இருக்கும் மைராவில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பழைய தேவாலய ஓவியங்களில் அவர் ஏறிய நெற்றியோடு ஒல்லியாகத்தான் இருக்கிறார். தொப்பை 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் வந்து சேர்ந்தது. தாமஸ் நாஸ்ட் 1863 முதல் பத்திரிகைக்கு வரைந்த படங்கள் அதை ஊரறியச் செய்தன. இன்னொன்று: மூன்று பெண்களை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்ட ஒருவர் வீட்டில், யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் ஜன்னல் வழியாகப் பொற்காசு முடிச்சைப் போட்டுவிட்டுப் போனார் என்பதுதான் நிக்கோலஸ் பற்றிய கதை. ஆளும் கொஞ்சம் கூச்ச சுபாவம்தான் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அங்கிக்குள் இருக்கும்போது உங்கள் கவனம் எங்கே இருக்கிறது? குழந்தையின் மேல். அது எப்போது பயம் தெளியும், எப்போது பூட்ஸைத் தொடும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கியைக் கழற்றியதும் அதே கவனம் உங்கள் மேலேயே திரும்பிவிடுகிறது. கையை எங்கே வைப்பது, குரல் நடுங்குகிறதா, இவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உள்ளே ஒரு கேமரா ஓட ஆரம்பிக்கிறது. கிளார்க், வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-ல் சமூகப் பதற்றத்தை விளக்கியபோது இதைத்தான் மையத்தில் வைத்தார்கள். பதற்றத்தில் இருப்பவர் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதேயில்லை. தான் எப்படித் தெரிவோம் என்று மனதில் வரைந்துகொண்ட படத்தைத்தான் பார்க்கிறார். அந்தப் படம் பெரும்பாலும் நிஜத்தைவிட மோசமாக இருக்கும்.

அழுகிற குழந்தைக்கு முன்னால் தரையில் உட்காரத் தெரிந்தது வெல்வெட்டுக்கு இல்லை, உங்களுக்கு. பொறுமையாக இருப்பது, அவசரப்படுத்தாமல் இருப்பது, அடுத்தவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று கவனிப்பது எல்லாம் கூச்ச சுபாவக்காரர்களுக்கு நன்றாக வரும். வாயாடிகள் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே இன்னும் அழ வைத்திருப்பார்கள். (என் பெரியப்பா ஒருவர் அப்படி. எங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் அவரைப் பார்த்தால் கட்டிலுக்கடியில்தான்.)

உங்கள் மனைவி நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் அந்த யோசனை வேண்டாம். தாத்தா குரல், பையில் ஒளித்துக் கொண்டுபோகும் தொப்பி, ஓரமாக நின்று போனை நோண்டுவது எல்லாவற்றையும் பாதுகாப்பு நடத்தைகள் என்போம். அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் ‘குரல் இருந்ததால் தப்பித்தேன்’ என்றுதான் மனசு கணக்கு எழுதிக்கொள்ளும். அடுத்த முறைக்குப் பயம் அப்படியே பத்திரமாக இருக்கும். காய்ச்சல் மெசேஜும் அந்த ரகம்தான்.

ஏற்பாடு செய்கிறவருக்கு இன்றைக்கே போன் போட்டு, “குரூப்பில் பேசுற அளவுக்கு நேர்ல பேச மாட்டேன், தப்பா நினைக்காதீங்க” என்று சொல்லிவிடுங்கள். பாதி பாரம் அங்கேயே இறங்கும். பாய் விரிப்பதையும் தண்ணீர் கேனையும் நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றரைக்கே போய்விடுங்கள். இருபது பேர் உட்கார்ந்திருக்கும் வட்டத்துக்குள் நுழைவதைவிட, இரண்டாவது ஆளாகப் போய் நிற்பது எவ்வளவோ சுலபம். பேச விஷயம் தேட வேண்டாம். தாடிக்கு என்ன கம் போடுகிறீர்கள், அரிப்புக்கு என்ன செய்கிறீர்கள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். 23 பேருக்கும் அதில் சொல்ல ஏதாவது இருக்கும், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். முதல் அரை மணி நெஞ்சு படபடக்கும், அப்போது மட்டும் எழுந்து போகாதீர்கள். அது ஏறி, தானாக இறங்குவதை உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் வேண்டுமானால் கிளம்புங்கள்.

பஸ் ஸ்டாப்பில் நடந்ததற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. அந்த அம்மாவுக்கு நீங்கள் யாரோ ஒருவர், குழந்தையை ஒதுக்கிக்கொண்டார். அது அவருடைய நியாயம். உங்களுக்கு வலித்ததும் நியாயம். இரண்டு வருஷமாகியும் குழந்தையை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு மாற்றினார் என்பது வரை நினைவில் இருக்கிறது. உணர்வையே வேலையாகச் செய்கிற தொழில்களில் இது உண்டு. ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983-ல் விமானப் பணிப்பெண்களை வைத்து இதைப் பற்றி எழுதினார். வேலைக்காகக் கொடுத்த சிரிப்பு முடிந்த பிறகு சொந்தச் சிரிப்பு எது என்று குழம்புவதை அவர் விவரித்திருக்கிறார். இந்தச் சம்பவத்தைக் கடற்கரையில் யாராவது ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். வீட்டில் சொன்னால் “விடுங்க” என்பார்கள். அங்கே இருப்பவர்களில் சிலராவது “எனக்கும்” என்பார்கள் என்று நினைக்கிறேன்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மீட்டிங்கில் பேச வேண்டும் என்பதற்காகச் சூப்பர்வைசர் பதவி வேண்டாம் என்றது. எனக்குப் பிக்னிக்கைவிட அதுதான் உறுத்துகிறது. கூச்சம் ஒரு சுபாவம். அது சம்பளத்தில் கை வைக்கும்போது சிகிச்சை எடுக்கலாம், பலனும் உண்டு. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-க்கு அழைத்தால் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். உங்கள் சூளையிலிருந்து கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் பக்கம்தான். கீழ்ப்பாக்கம் என்றதும் சிரிக்காதீர்கள். கூச்சத்துக்காக வெளிநோயாளி சீட்டு எடுப்பவர்களும் அந்த வரிசையில் நிற்பார்கள். பிக்னிக் முடிந்ததும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், தயிர்சாதம். ஜூலை வெயிலில் புளியோதரை தாங்கும், தயிர் புளிக்கும் என்று உங்கள் மனைவி சொல்லக்கூடும். பாலை அதிகம் ஊற்றி, தயிரைக் கொஞ்சமாக விட்டுப் பிசையச் சொல்லுங்கள், நாலு மணிக்குச் சரியாக இருக்கும். ஊறுகாய் யாரும் கொண்டுவர மாட்டார்கள். பெரிய பாட்டிலாக எடுத்துக்கொண்டு போங்கள்.