ஊசித்துளை கேமரா: வாசகர் கேள்விகள்

கே: பால் பவுடர் டப்பாவில், லென்ஸுக்குப் பதில் சிறு துளை போட்டு, உள்ளே போட்டோ பேப்பர் வைத்து கேமரா செய்தேன். படம் விழுகிறது, ஆனால் மசமசவென்று இருக்கிறது. துளையை இன்னும் சிறிதாக்கினால் சரியாகுமா?

ப: டப்பாவையே ஆணியால் குத்தியிருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். தகடு தடிமனாக இருந்தாலும், துளையில் பிசிறு இருந்தாலும் படம் கெடும். துளை சிறுத்தால் படம் தெளியும் என்பது ஓரளவுக்குத்தான். அதற்கும் கீழே போனால் ஒளி விளிம்பில் பட்டு விரிந்து மறுபடி மங்கிவிடும். துளைக்கும் தாளுக்கும் இடைவெளி 10 செ.மீ. என்றால் 0.4 மி.மீ. போதும்.

குளிர்பான கேனில் ஒரு துண்டு வெட்டுங்கள். அட்டைமேல் வைத்து மெல்லிய தையல் ஊசியின் நுனியால் அழுத்துங்கள். பின்பக்கம் எழும் மேட்டை நைஸ் உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி ஊசி நுனியை விட்டுச் சுழற்றுங்கள். துளை வட்டமாகும்வரை இதேதான். அளக்க ஸ்கேனர் போதும்: 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) 0.4 மி.மீ. துளை சுமார் 19 பிக்சல் அகலம் காட்டும். அப்புறம், டப்பாவில் பெரிய ஓட்டை போட்டு உள்பக்கமாக இந்தத் தகட்டை ஒட்டுங்கள்.

கே: எவ்வளவு நேரம் திறந்து வைப்பது?

ப: துளைக்கும் தாளுக்கும் உள்ள 100 மி.மீ.-ஐத் துளையின் அகலமான 0.4-ஆல் வகுத்தால் எஃப் 250. இந்த எண் பெருகப் பெருக உள்ளே வரும் ஒளி குறையும். போட்டோ பேப்பரின் வேகத்தை, அதாவது ஒளியை உணரும் திறனை, ஐஎஸ்ஓ 6 என்று கொண்டால், நல்ல வெயிலில் 40 வினாடி வரும். நான் ஒரு நிமிடத்தில் தொடங்குவேன். காற்றில் ஆடாமல் டப்பாமேல் ஒரு கல்லை வையுங்கள்.

கே: தாளின் ஓரத்தில் கறுப்புக் கீற்று விழுகிறதே?

ப: மூடி வழியாக வெளிச்சம் கசிகிறது. பிளாஸ்டிக் மூடி என்றால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள்.

கே: கிரகணத்தை இந்தத் துளை வழியாகப் பார்க்கலாமா?

ப: கூடவே கூடாது. சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழியாகத் தாளில் விழும் பிம்பத்தை மட்டும் பாருங்கள்.

கே: சூரியனின் பாதையை ஆறு மாதம் பதிவு செய்ய ஆசை. டப்பாவைத் தெற்கு பார்த்து வைக்கச் சொல்கிறார்களே?

ப: அது ஐரோப்பியருக்கான யோசனை. சென்னையில் டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் 53 டிகிரிக்கு மேல் நிற்கும். சூரியன் நாள்தோறும் தாளில் போடும் கோடுகள் தாளுக்கு வெளியே போய்விடும். கிழக்கு பார்த்துக் கட்டுங்கள். டிசம்பர் 21 வாக்கில் கட்டி ஜூன் 21 வாக்கில் எடுத்தால், உதயம் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது கோடுகோடாகத் தெரியும். மாதம் ஒருமுறை துளையைப் பாருங்கள். என் முதல் டப்பாவில் குளவி மண் பூசி அடைத்துவிட்டது. எடுத்த தாளைப் படம் கழுவும் ரசாயனங்களான டெவலப்பரிலோ ஹைப்போவிலோ போடாமல் நேராக ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் வெளிச்சமும் தாளைக் கறுக்க வைக்கும், அதனால் முன்னோட்டம் பார்க்காமல் ஒரே தடவையில் முடியுங்கள்.