கொள்கை கொள்கைக்கு முரணாகலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் அறக்கட்டளையின் ஆவணத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பிரின்சிபிள், பாலிசி, டாக்ட்ரின், ஐடியாலஜி, பிலீஃப் சிஸ்டம் எல்லாம் அதில் வருகின்றன. பெரும்பாலும் 'கொள்கை' என்றே எழுதிவிட்டேன். 'எந்தக் கொள்கையும் கொள்கைக்கு முரணாக இருக்கக் கூடாது' என்று ஒரு வரி வந்து நிற்கிறது. படித்துப் பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. கோட்பாடு, சித்தாந்தம், தத்துவம், மதம், சமயம், நெறி, கருத்தியல் இவற்றில் எதை எங்கே வைப்பது?

க.

அன்புள்ள க.,

அகராதியை மூடிவிட்டு, ஒவ்வொரு சொல்லும் எந்த வினையோடு சேர்கிறது என்று பாருங்கள். கொள்கையை விட்டுக்கொடுப்போம், அல்லது விட்டுக்கொடுக்க மாட்டோம். கோட்பாட்டை நிறுவுவோம், மறுப்போம். நெறியில் நிற்போம், நெறி தவறுவோம். சமயத்தைத் தழுவுவோம். வினையை மாற்றிப் போட்டால் காது உடனே சொல்லிவிடும்: 'நெறியை நிறுவினார்' இடறுகிறது, 'கோட்பாடு தவறினார்' நிற்கவே இல்லை.

கொள்கை, கோட்பாடு இரண்டுக்கும் வேர் 'கொள்' என்பதே. முதல் நீண்டு 'கோள்' ஆகி, 'பாடு' சேர்ந்து கோட்பாடு ஆயிற்று. வேர் ஒன்றானாலும் வேலை வேறு. 'ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர்' என்று பிசிராந்தையார் பாடும்போது கொள்கை என்பது எழுதிவைத்த வாசகம் அல்ல, அந்தச் சான்றோர் தம்மை நடத்திக்கொள்ளும் விதம். கொள்கை அதைக் கொண்டவரோடு ஒட்டியிருப்பது. கோட்பாடு அப்படியல்ல, சொன்னவரை விட்டுத் தனியே நிற்கும். ஐன்ஸ்டைன் யாரென்றே தெரியாதவரும் சார்பியல் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்கலாம்.

உங்கள் வரி சிக்கியதற்குக் காரணம், பாலிசி என்பதற்கும் அரசு 'கொள்கை'யையே எடுத்துக்கொண்டதுதான். தொழிற்கொள்கை, கல்விக் கொள்கை, சட்டமன்றத்தில் துறைதோறும் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று அது ஊன்றிவிட்டது. இனி அதைப் பிடுங்க முடியாது. எனவே ஆவணங்களில் பாலிசிக்குக் கொள்கையை விட்டுவிட்டு, பிரின்சிபிள் வரும் இடத்தில் நெறி அல்லது கோட்பாடு என்று எழுதுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பகுதியை, 36 முதல் 51 வரையுள்ள உறுப்புகளை, 'அரசு நெறிமுறைக் கோட்பாடுகள்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அவற்றை நீதிமன்றம் வழியாகச் செயல்படுத்த முடியாது, ஆனாலும் நாட்டின் ஆட்சிக்கு அவை அடிப்படை என்கிறது 37-ஆவது உறுப்பு. 'நெறி' என்ற சொல் அந்த இடத்துக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: கட்டளை அல்ல, நடக்க வேண்டிய வழி. உங்கள் வரி இப்படி ஆகலாம்: 'அறக்கட்டளையின் எந்தக் கொள்கையும் அதன் அடிப்படை நெறிகளுக்கு முரணாக இருக்கக் கூடாது.'

மதம் என்ற சொல்லுக்கு வருவோம். நன்னூல் 'எழுவகை மதம்' என்கிறது. அங்கே கடவுளும் இல்லை, வழிபாடும் இல்லை. ஒரு நூலாசிரியர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு விதங்கள் அவை. உடன்படலாம், மறுக்கலாம், பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர் களையலாம், இருவர் மாறுபடும் இடத்தில் ஒன்றைத் துணியலாம். மதம் என்றால் அங்கே நிலைப்பாடு, அவ்வளவே. யானைக்குப் பிடிக்கும் மதம் வேறு சொல். வடமொழியில் இரண்டுக்கும் ஒலி வேறு, தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டது. மேடையில் இரண்டையும் முடிச்சுப் போடுவது வழக்கம். சொல்லாராய்ச்சியாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சமயமும் முன்பு அகலமாக இருந்தது. மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர், அதாவது சமய வாதிகள், தத்தம் நிலையைச் சொல்கிறார்கள். சைவவாதி, வைணவவாதியோடு அளவைவாதியும் ஆசீவகனும் பூதவாதியும் அந்த வரிசையில் உண்டு. நிலம், நீர் முதலிய பூதங்களின் சேர்க்கையில்தான் உணர்வு பிறக்கிறது என்னும் பூதவாதியும் சமயக் கணக்கரே. இன்று சமயம் என்றால் வழிபாடுள்ள மதம் என்றே காதில் விழும். உங்கள் ஆவணத்தின் பிலீஃப் சிஸ்டம் கடவுள் மறுப்பாளரையும் சேர்த்தே சொல்கிறது என்றால், 'சமயம்' என்று எழுதி அவர்களை வெளியே தள்ளிவிடாதீர்கள். 'சமயங்களும் பிற நம்பிக்கை முறைகளும்' என்று விரித்தே எழுதுங்கள். ஒரே சொல்லில் அடக்கியாக வேண்டும் என்ற அவசியம் இல்லை.

சித்தாந்தம் என்றால் முடிந்த முடிபு. பிறர் வாதத்தை முழுக்கக் கேட்டு, தடை எழுப்பி, விடை சொன்ன பிறகே அந்தப் பெயருக்கு உரிமை வரும். அருணந்தி சிவாசாரியார் தம் சைவ நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிறர் தரப்பைப் பேசும் பகுதியில், உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் வரை 14 தரப்புகளை எடுத்து மறுக்கிறார். தம் தரப்பைச் சொல்லும் சுபக்கம் அதற்குப் பிறகே வருகிறது. இந்த உழைப்பு பின்னால் இருக்கும் டாக்ட்ரினுக்கே சித்தாந்தம் தகும். நேற்று அறிவித்த திட்டத்தை 'எங்கள் சித்தாந்தம்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐடியாலஜிக்குக் கருத்தியல் சரி. ஈழத்து ஆய்வாளர்கள் கருத்துநிலை என்றும் எழுதுவார்கள். கொள்கையை அறிந்து ஏற்கிறோம், கருத்தியலோ பல நேரம் நாம் அறியாமலே நம்மில் ஊறியிருக்கும். இதைக் கருத்துமுதல்வாதத்தோடு (ஐடியலிசம்) குழப்பிவிடக் கூடாது. அது பொருள்முதல்வாதத்துக்கு எதிர்த்தரப்பு. மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி நேரும் பிழை இது.

'-வாதம்' என்ற ஈற்றிலும் கவனம் தேவை. நீலகேசி என்னும் சமணக் காப்பியம் தன் சருக்கங்களுக்கு ஆசீவக வாதம், சாங்கிய வாதம் என்று பெயர் வைத்தபோது அதில் கறை ஏதும் இல்லை. தீவிரவாதம், பிரிவினைவாதம், இனவாதம் என்று செய்தித்தாள் பழக்கிய பின் அதில் குற்றச்சாட்டின் வாடை ஏறிவிட்டது. மதிப்போடு சொல்ல 'இயம்' இருக்கிறது: காந்தியம், பெண்ணியம், மார்க்சியம். 'இயல்' என்று முடித்தால் ஆய்வுத்துறை ஆகிவிடும்.

தத்துவத்தைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். பாடநூலில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம், சைவத்தில் 36 தத்துவங்கள், பேச்சில் அறிவுரை என்று அது பல வீட்டுப் பிள்ளை. ஃபிலாசஃபிக்கு இலங்கை வழக்கான மெய்யியல் தெளிவானது.

அறக்கட்டளை பணியாற்றும் மக்களின் சொல்லையும் கேளுங்கள். தமிழ் முஸ்லிம்கள் மார்க்கம் என்பார்கள், ஓரிறைக் கொள்கை என்பார்கள். சீர்திருத்தக் கிறித்தவர்களிடம் விசுவாசப் பிரமாணம் உண்டு. அந்தச் சொற்களை அப்படியே வையுங்கள், பொதுச்சொல்லால் மூடிவிட வேண்டாம்.

முதல் பக்கத்திலேயே நெறி, கொள்கை, கோட்பாடு மூன்றுக்கும் ஒவ்வொரு வரி விளக்கம் கொடுத்துவிட்டு, 'கொள்கை' வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். 'வகுத்தல்', 'திருத்துதல்', 'நடைமுறைப்படுத்துதல்' பக்கத்தில் இருந்தால் அது பாலிசி, விட்டுவிடலாம். 'வழுவாமை', 'பின்பற்றுதல்' பக்கத்தில் இருந்தால் நெறி என்று மாற்றுங்கள்.